தாயி கார்டில் என் நான்கு கையெழுத்துகள்

பெங்களூர் ஈஜிபுராவில் ஒரு வீட்டில், சுவரில் அடித்த ஆணியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாயி கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற அட்டை அது. பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எடை, ரத்த அழுத்தம் எல்லாம் அதில் ஏறும். இந்தக் கார்டில் ஐந்தாம் மாதத்திலிருந்து மாதத்துக்கு ஒன்றாக நான்கு வரிகள் ஏறியிருந்தன. நான்கிலும் குறை சொல்ல முடியாத எண்கள். நான்குக்கும் பக்கத்தில் என் கையெழுத்து. அந்த எண்களில் ஒன்றுகூட அந்தக் கர்ப்பிணியுடையது இல்லை என்று எனக்குத் தெரியவந்தபோது அவளுக்கு எட்டாவது மாதம் பிறந்திருந்தது.

இதை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து போய்விட்டேன். ஒரு முறை பால் பொங்குகிறதா என்று பார்க்க. அடுப்பில் பாலே இல்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கோலார் தங்கவயலில் இருந்து தினமும் ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வந்து நர்சிங் படித்தவள் நான். ஓடிக்கொண்டே இருந்து பழகிவிட்டது. இப்போது லிங்கராஜபுரத்தில் வீடு, நகரத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் வேலை. சமூக நல நர்சிங் பாடம் எடுக்கிறேன். அதாவது ஆஸ்பத்திரிக்கு வெளியே, மனிதர்கள் குடியிருக்கிற இடத்துக்கே போய் நர்ஸ் செய்ய வேண்டிய வேலை.

நான் படித்த காலத்தில் இந்தப் பாடம் ஒரு சுற்றுலா. கடைசி வருஷத்தில் கொஞ்ச நாள் பஸ்ஸில் ஏற்றி ஏதாவது ஊருக்குக் கூட்டிப் போவார்கள். நீலப் புடவை, கையில் கறுப்புப் பை. வீட்டுக்குள் போனதும் தரையில் செய்தித்தாள் விரித்து அதன்மேல் பையை வைக்க வேண்டும், கை கழுவ வேண்டும், பிறகுதான் பையைத் திறக்க வேண்டும். இதற்கெல்லாம் மார்க் உண்டு. அந்த வீட்டில் யாருக்கு என்ன என்பதற்கு அவ்வளவு மார்க் கிடையாது. ஐந்து குடும்பங்களைப் பற்றி ஃபேமிலி ஃபோல்டர் எழுதித் தர வேண்டும். நான் இரண்டு குடும்பத்தைப் பார்த்தேன், மூன்று குடும்பத்தைத் தோழியின் கட்டிலில் உட்கார்ந்து உருவாக்கினேன். என் கற்பனைக் குடும்பங்களில் எல்லோருக்கும் ரத்தசோகை. நல்ல மார்க் வந்தது.

ஆசிரியை ஆனதும் இதை மாற்றியே தீருவது என்று கிளம்பினேன். வார்டில் கற்றுக்கொள்வதும் தெருவில் கற்றுக்கொள்வதும் தனித்தனி டப்பாக்களில் இருக்கக் கூடாது, ஒரு மாணவி ஒரு குடும்பத்தைக் கையில் எடுத்தால் படிப்பு முடிகிறவரை அந்தக் குடும்பம் அவளோடு வர வேண்டும் என்று ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொன்னேன். என் குரல் கேட்டாலே சிலர் தலையைக் குனிந்து போனைப் பார்ப்பார்கள். பிரின்சிபல் மோசமானவர் அல்ல, ஆனால் அவருக்கு ஆஸ்பத்திரி வார்டில் கை குறையக் கூடாது, கல்லூரி பஸ் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். கடைசியில் ஒப்புக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும், காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை, ஈஜிபுராவில் நான்கு சந்துகள். கிடைத்த வரைக்கும் லாபம் என்று நான் கையைத் தட்டாத குறையாக வெளியே வந்தேன். பத்து மணிக்கு ஈஜிபுராவில் யார் வீட்டில் இருப்பார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. நானே உழைக்கிற குடும்பத்துப் பெண்தான். எனக்கே தோன்றவில்லை.

அதோடு நிற்காமல் என் சொந்தச் சரக்கு ஒன்றையும் சேர்த்தேன். மாணவிகள் பார்க்கிற பி.பி. எல்லாம் ஃபோல்டருக்குள் போய்ப் பீரோவில் தூங்குகிறது, அந்தக் குடும்பத்துக்கு அதனால் என்ன பயன்? ஆகவே கர்ப்பிணி இருக்கிற வீடு என்றால் அந்த எண்ணைத் தாயி கார்டிலும் எழுத வேண்டும், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன் என்று சொன்னேன். இது என் யோசனை. என்னை யாரும் கேட்கவில்லை. வேறு கல்லூரி ஆசிரியைகளிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சரிபார்ப்பது என்றால் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். முப்பது மாணவிகள் நான்கு சந்துகளில் கலைந்து போவார்கள். நான் ஒரு சந்திலிருந்து இன்னொரு சந்துக்கு நடந்தபடியே இருப்பேன். பன்னிரண்டு மணிக்கு முனைக் கடை வாசலில் நிற்பேன். ஃபோல்டர்களும் கார்டுகளும் வரும். கையெழுத்துப் போட்டுக் கல்லூரி சீல் வைப்பேன். கார்டைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டிவிட்டு வருவார்கள். பஸ் ஹாரன் அடிக்கும்.

அந்த வீட்டை எடுத்துக்கொண்ட மாணவி மூன்றாம் வருஷம். ஹெப்பகோடியில் இருந்து வருகிறவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். கோடு போட ஸ்கேல் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள். அவள் ஃபோல்டரில் இருந்த குடும்பத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்களுடைய மனைவிமார் இரண்டு பேர், மூத்தவளின் பிள்ளைகள் இரண்டு பேர், ஒன்றரை அறை. வாலாஜா பக்கம் சொந்த ஊர். மூத்தவள் வீட்டிலேயே இருந்து துணிக்குப் பட்டன் தைப்பவள். இளையவள் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவள். கர்ப்பிணி அவள்தான்.

கல்லூரிக்கு வரவிருந்த இன்ஸ்பெக்ஷனுக்கு நல்ல ஃபோல்டர் ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னார் பிரின்சிபல். நான் யோசிக்காமல் இந்தப் பெண்ணுடையதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம், மாடியில் காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டே புரட்டினேன். அப்போதுதான் எடை கண்ணில் பட்டது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தொன்றரை. நான்கு மாதமாக ஒரு கர்ப்பிணி ஒரு கிலோ ஏறவில்லை, அரைக் கிலோ இறங்கியும் இருக்கிறாள். வயிற்றின் வளர்ச்சியை அளந்து எழுத வேண்டிய கட்டம் நான்கு முறையும் காலி. அதை ஏற்கெனவே நான் பார்த்திருக்கிறேன். 'தனியறை இல்லாததால் பார்க்க இயலவில்லை போலும்' என்று சிவப்பு மையில் நானே ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு கட்டத்தில் பொய் எழுதாத பிள்ளைக்கு நானே சமாதானம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

கோபமாகத்தான் போன் செய்தேன். எடை ஏறாததைக் கவனிக்காமல் என்ன படிக்கிறாய் என்று ஆரம்பித்தேன்.

"மேம், அது அந்த அக்கா இல்ல மேம்," என்றாள். "நம்ம போற டைம்ல அவங்க வீட்ல இருக்கவே மாட்டாங்க. எட்டு மணிக்கே கார்மென்ட்ஸ் வண்டி வந்துடும். பெரிய அக்காதான் இருப்பாங்க. அவங்களுக்குதான் பாத்தேன்."

மற்றதையும் விட்டு விட்டுச் சொன்னாள். முதல் முறை போனபோது இளையவள் இல்லை. வந்தது வந்தாயே, எனக்காவது பார் என்று மூத்தவள் கையை நீட்டியிருக்கிறாள். இவளும் பார்த்தாள். மடியில் ஃபோல்டர், ஃபோல்டரில் காலிக் கட்டம். கர்ப்பிணியின் பி.பி., எடை இல்லாத ஃபோல்டரை வாங்கவே மாட்டேன் என்று வகுப்பில் நான் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு ஒன்று எழுதினால் சரி என்று மூத்தவளும் சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதமும் அப்படி. மூன்றாவது மாதத்தில் அது பழக்கமாகிவிட்டது.

கார்டிலுமா என்று கேட்டேன்.

"கார்டுலயும்தான் மேம். நீங்கதான் எழுதச் சொன்னீங்க."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். நாளைக்குக் காலை ஈஜிபுராவுக்கு வா என்று மட்டும் சொன்னேன். அவளை நினைத்து எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. யாருடைய ரத்த அழுத்தமோ எழுதப்பட்டிருக்கிறது என்றால், அந்தப் பெண்ணுடையதை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஊர்ந்தது. எனக்கு இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். கைப்பைக்குள் என் சொந்த பி.பி. கருவி. போகிற வழியெல்லாம் மனசு பேரம் பேசியது. சின்ன வயசுப் பெண், ஒன்றும் இருக்காது. நூற்றுப்பத்துதான் இருக்கும். அப்படி இருந்துவிட்டால் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, கார்டில் இன்று சரியாக எழுதிவிட்டு வந்துவிடலாம். அப்படித்தான் நினைத்தேன். இதை மறைத்து எழுதினால் இந்த எழுத்தும் ஐந்தாவது பொய்யாகிவிடும்.

இளையவள் வீட்டில் இருந்தாள். வாரம் முழுக்கச் சேர்ந்த துணியைக் குழாயடியில் துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது முகம் தூங்கி எழுந்தது போல உப்பியிருந்தது. கால் இரண்டும் செருப்பின் வாரைத் தாண்டிப் பிதுங்கியிருந்தன. இவ்வளவு நாள் அவள் பெயரில் நான்கு வரிகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளைப் பார்க்கிறேன். அவளுக்கும் நான் யாரென்று தெரியாது. மாணவியைக் காட்டி, காலேஜ் பிள்ளைதானே என்று மூத்தவளிடம் கேட்டாள்.

உட்காரவைத்துக் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன். நூற்றி அறுபதுக்கு நூற்றிப் பத்து. அடுத்த கையிலும் பார்த்தேன். அதேதான். தலைவலி இருக்கிறதா என்று கேட்டேன். நான்கு நாளாக இருக்கிறதாம். கண் முன்னால் பூச்சி பறப்பது மாதிரி இருக்கிறதாம். மெஷின் வெளிச்சம் என்று கார்மென்ட்ஸ் லைனில் எல்லோரும் சொன்னார்களாம். செக்கப்புக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். ஐந்தாம் மாதம் ஸ்கேனுக்குப் போனதோடு சரி. அதற்குப் பிறகு லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வீட்டுக்கே வந்து பாத்துட்டுப் போறாங்கன்னு அக்கா சொன்னாங்க மேடம். கார்டுலயும் எல்லாம் நார்மல்னு இருந்துச்சு. வீடு வீடா வர்ற கவர்மென்ட் ஆஷா மேடம்கூட கார்டப் பாத்துட்டு, உனக்குக் கரெக்டா ஏறிட்டிருக்கு, ஒண்ணும் பிரச்சன இல்லன்னாங்க."

தன் கையை யாரும் தொடவில்லை என்று அவளுக்குத் தெரியாதா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். மூத்தவள் அவளுக்கு விவரமாகச் சொல்லவில்லை. கார்டைப் பார்த்து எழுதுகிறார்கள், படித்த பிள்ளைகள், முன்பு எடுத்த ரத்தத்தையும் ஸ்கேனையும் வைத்து ஏதோ கணக்குப் போடுகிறார்கள் என்று இவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கல்லூரி சீல் அடித்த கார்டை யார் சந்தேகப்படுவார்கள்?

ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள், அவள் கணவன், நான், மாணவி. பிரசவப் பகுதியில் கூட்டம் அலைமோதியது. மேஜையில் இருந்த சிஸ்டர் ஒவ்வொரு கார்டாக வாங்கிப் பார்த்து, யார் உள்ளே, யார் பெஞ்சில் என்று பிரித்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் பி.பி. அதிகமாக இருக்கிறது என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் கார்டைப் புரட்டினார். நான்கு மாதமும் நன்றாகத்தானே இருக்கிறது, நடந்து வந்ததில் ஏறியிருக்கும், வரிசைப்படி கூப்பிட்டு நாங்களே பார்க்கிறோம் என்று பெஞ்சைக் காட்டினார். அவர் மேல் குற்றமில்லை. அந்த மேஜையில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அப்படித்தான் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எங்குமே உட்கார முடியாத நான் அங்கே உட்கார்ந்தேன். எத்தனை நிமிஷம் என்று இன்றுவரை சரியாகச் சொல்ல முடியவில்லை. ஐந்து இருக்கலாம், பத்தும் இருக்கலாம். பக்கத்தில் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த அளவு ஏறியவர்களுக்கு எப்போது வேண்டுமானாலும் வலிப்பு வரும், தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். ஆனால் அந்த நிமிஷங்களில் நான் நினைத்தது என் வேலையை. கணவன் எதிரில் எப்படிச் சொல்வது என்பதை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதைத்தான் நினைத்தேன். எதிரே நின்ற மாணவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். வரிசையை இடித்துக்கொண்டு மேஜைக்குப் போய்க் கார்டை வாங்கி, நான்கு வரிகளையும் பேனாவால் குறுக்கே அடித்தேன். இதில் இருப்பது எதுவும் இவளுடையது இல்லை, வேறு ஒருத்தருடையது, கையெழுத்துப் போட்டது நான், இவளுக்கு ஐந்தாம் மாதத்திலிருந்து யாருமே பார்க்கவில்லை என்று கன்னடத்தில் சொன்னேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவளுக்கும் கன்னடம் தெரியும், அவள் கணவனுக்கும் தெரியும். அந்தப் பகுதியில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

சிஸ்டர் அடித்த கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீங்கள் டீச்சரா என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்விட்டார்.

வலிப்பு வராமல் இருக்க ஊசி போட்டார்கள். மறுநாள் ஆபரேஷன். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோகூட இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. நான் தினமும் வேலை முடிந்து போனேன். கணவன் முதல் இரண்டு நாள் என்னைக் கண்டால் எழுந்து வெளியே போனான். மூத்தவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பார்க்கிறார்களே என்று கையை நீட்டினேன், இதில் இவ்வளவு இருக்கும் என்று எனக்கென்ன தெரியும் என்று அழுதாள். அவளிடம் நான் சொன்ன ஆறுதல் எதுவும் எனக்குப் பிடித்ததாக இல்லை. பிள்ளையும் தாயும் பிழைத்தார்கள். பிழைத்தார்கள் என்பதால்தான் இதை எழுதவாவது முடிகிறது.

நடந்ததை முழுக்க எழுதிப் பிரின்சிபலிடம் கொடுத்தேன். மாணவியை ஒரு செமஸ்டர் நிறுத்தலாம் என்றார். அப்படியானால் முதலில் என்னை நிறுத்துங்கள் என்றேன். பத்து மணி என்று முடிவு செய்தது அவள் இல்லை, காலிக் கட்டத்தை வாங்க மாட்டேன் என்றவள் அவள் இல்லை, கார்டில் எழுதச் சொன்னவளும் அவள் இல்லை. நீண்ட நேரம் வாதாடினோம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவளுக்கும் ஒன்று வந்தது. அந்த இன்ஸ்பெக்ஷனுக்கு வேறு ஃபோல்டர் போனது. அதில் என்னென்ன இருக்கிறதோ என்று அன்று முழுக்க வராண்டாவில் நடந்துகொண்டிருந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையிலும் போகிறோம். கல்லூரி பஸ் கிடையாது. மாணவிகள் முணுமுணுக்கிறார்கள், நியாயம்தான், அவர்களுக்கும் துணி துவைக்க ஒரு நாள் வேண்டும். 'ஆள் இல்லை' என்று எழுதினால் முழு மார்க் உண்டு என்று ஃபோல்டர் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறேன். இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க இன்னொரு மீட்டிங், இன்னொரு கடிதம் என்று போய்க்கொண்டிருக்கிறது. இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ராத்திரி படுத்தால், கையெழுத்துப் போட்ட மற்ற கார்டுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வருகின்றன. எல்லா வீட்டுக்கும் திரும்பப் போய்ப் பார்த்தேன். இரண்டு வீட்டார் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது நானும் அந்த மாணவியும் போனோம். இளையவள் பிரசவ விடுப்பில் வீட்டில் இருந்தாள். தாய்க்கு பி.பி. இறங்கிவிட்டதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம். வாங்க என்று சொன்னாள், டீ போட்டாள், குழந்தையை என் மடியில் கொடுத்தாள். ஒரு கடுமையான சொல் இல்லை. மாணவி பட்டையைக் கட்டி, காற்றடித்து, காதில் வைத்துக் கேட்டாள். நூற்றிருபதுக்கு எண்பது என்று சொல்லிவிட்டுக் கார்டை எடுத்தாள்.

இளையவள் கார்டின் மேல் கையை வைத்து மறைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது என்னோடதுதானே மேடம்?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரிந்தாக வேண்டியிருந்தது. பட்டை இன்னும் அவள் கையில்தான் கட்டியிருந்தது. உன்னுடையதுதான் என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள், ஆனால் கையை எடுக்கவில்லை. இன்னொரு தடவை எடுக்கச் சொன்னாள். எடுத்தோம்.